பூவாத்தாள் மேல் மட்டும் பெய்த மழை

ஈரோட்டில் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, பூங்காவை ஏழு சுற்று நடந்து, நடந்து முடித்ததும் வட்டமாக நின்று இரண்டு கையையும் மேலே தூக்கி, விசில் ஊதியவுடன் வயிறு குலுங்க "ஹா ஹா ஹா" என்று சிரித்து, அந்தச் சிரிப்பில் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் தானாக இறங்கிவிடும் என்று பதினோரு வருடமாக நம்பிக்கொண்டிருந்த நடைப்பயிற்சி மன்றத்தார் இருபத்திரண்டு பேர், ஒரு ஜூன் மாதம் எடின்பரோ நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள மலைகளையும் ஏரிகளையும் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். அவர்களில் வசந்தாமணியும் ஒருத்தி. அவளுடைய நங்கையா பூவாத்தாள் இன்னொருத்தி. புருஷனுடைய அக்காளை அந்தப் பக்கத்தில் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பூவாத்தாளுக்கு இருபத்து நாலு வயதில் புருஷன் போய்விட்டான். அன்றைக்குத் தம்பி சென்னியப்பன் வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்தவள், நாற்பது வருடமாக அங்கேயே சமைத்து, துவைத்து, வசந்தாமணியின் இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்து ஆளாக்கினாள். பெற்றது வசந்தாமணி, வளர்த்தது பூவாத்தாள் என்று தெருவே சொல்லும். நல்ல வார்த்தையாகத்தான் சொல்வார்கள். ஆனாலும் ஒவ்வொரு தடவை காதில் விழும்போதும் வசந்தாமணிக்கு நெஞ்சில் முள் குத்தியதுபோல இருக்கும். பிள்ளைகள் காய்ச்சலில் புலம்பினால்கூட "அத்தே, அத்தே" என்றுதான் புலம்பின. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மறந்ததும் இல்லை.

சென்னியப்பனுக்கு மஞ்சள் மண்டியை விட்டு நகர முடியவில்லை. தன் இடத்தை அக்காளுக்குக் கொடுத்துவிட்டு, கோயம்புத்தூர் விமான நிலையத்தில் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

"அக்கா பழனிக்கு அந்தண்டை எதுவும் பாத்ததில்லை, வசந்தா. பத்தரமாக் கூட்டிட்டுப் போயி, பத்தரமாக் கூட்டிட்டு வா."

"அதெல்லாம் கூட்டியாந்துருவனுங்க. எனக்குத் தெரியாதா?" என்றாள் வசந்தாமணி. சொன்னபோது அவள் மனதில் கள்ளம் ஒன்றும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நியாயம்.

பூவாத்தாளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல காரியம் எது தொடங்கினாலும் யாரும் சொல்லாமல் தானாகவே பின்னால் போய்விடுவாள். கல்யாண வீட்டில் சமையல்கட்டுக்கு, புதுவீட்டில் கொல்லைப்புறத்துக்கு. யாராவது வெளியூர் கிளம்பினால் எதிரில் வந்துவிடக்கூடாதே என்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வண்டி சத்தம் ஓய்ந்த பிறகுதான் வெளியே வருவாள். காலம் மாறிப்போச்சுங்க, இதெல்லாம் யாரு பாக்கறாங்க என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு அவள் வருகிறாளா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அவள் வராதது கண்டு நிம்மதியாக மூச்சு விடுவார்கள்.

எடின்பரோவில் இறங்கிய முதல் நாள் மழை எல்லோருக்கும் பொதுவாகத்தான் பெய்தது. சல்லடையில் சலித்து விட்டதுபோலச் சன்னமான தூறல். கருங்கல் வீடுகள், கருங்கல் தெரு, உச்சியில் பாறை மேல் உட்கார்ந்திருக்கிற கருங்கல் கோட்டை, எல்லாவற்றின் மேலும் ஓரவஞ்சனை இல்லாமல் பெய்தது. மன்றத்தார் அந்த நீளத் தெருவில் மூச்சு வாங்க ஏறி, கோட்டை வாசலின் வளைவுக்குள் புகுந்து, முதல் குழுப் படத்துக்காக நெருக்கியடித்து நின்றார்கள். பூவாத்தாள் மட்டும் வளைவுக்கு வெளியே நின்றாள். பதினாலு கைப்பையும் நாலு ஃபிளாஸ்க்கும் அவள் தோளிலும் கையிலும் தொங்கின.

கூட வந்திருந்த டூர் மேனேஜர் ஜெரால்டு தூத்துக்குடிக்காரன். விவரம் தெரியாமல், "அம்மா, நீங்களும் உள்ள வாங்க, எடம் இருக்கு" என்று கூப்பிட்டான்.

"மொதப் போட்டோவுங் தம்பி. நான் எதுக்கு நடுவுல? நீங்க எடுங், நான் இப்பிடித் தள்ளி நின்னுக்கறேன்."

யாரும் மறுபடி கூப்பிடவில்லை. படம் எடுத்தாயிற்று. எடுத்த அந்த நொடியில் நகரத்தின் மேல் பெய்துகொண்டிருந்த மழை மொத்தமும் ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்குச் சுருங்கி, பூவாத்தாள் மேல் மட்டும் கொட்டத் தொடங்கியது. அவளுக்கு இரண்டு அடி தள்ளி வெயில். அவள் வலப்பக்கம் நகர்ந்தாள், மழையும் நகர்ந்தது. வளைவுக்குள் வந்தாள், வளைவின் மேல் கொட்டியது. "அட, என்னையத் தேடி வருது பாரு!" என்று சொல்லிச் சிரித்தாள். பைகளை மட்டும் நனையாமல் ஒவ்வொன்றாக உரியவர்களிடம் நீட்டினாள்.

எடின்பரோக்காரர்கள் இதற்கெல்லாம் வாயைப் பிளப்பவர்கள் அல்ல. மடிப்புப் பாவாடை கட்டிக்கொண்டு தோல்பை வாத்தியம் ஊதிக்கொண்டிருந்த ஆள், பாட்டை நிறுத்தாமலே நாலடி தள்ளிப் போனார். கம்பளிக் கடைக்காரி வெளியே வைத்திருந்த தபால் அட்டைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, போன வருடம் பெல்ஜியத்துப் பல் டாக்டர் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது, பாவம், நல்ல மனுஷன் என்றாள். பேருந்து ஓட்டுநர் அலிஸ்டர், அறுபது வயது, செம்பட்டைத் தாடி, புகைத்துக்கொண்டிருந்த சுருட்டை அணைத்துவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார். அதை ஜெரால்டு தமிழில் சொன்னான்.

"இந்த ஊரு மழைக்கு ஒரு கெட்ட பழக்கமாம். கூட்டத்துல ஒதுங்கி நிக்கிற ஆளப் பாத்துப் புடிச்சுக்குமாம். பயப்பட ஒண்ணுமில்லயாம். மத்தவங்க எல்லாம் ஒட்டி நின்னா மழை பங்காயிரும், ஆளுக்குக் கொஞ்சம் தூறல், அவ்வளவுதான். வெலகிப் போனா, வெலகினவங்க பங்கும் சேந்து அவங்க தலையிலதான் விழுமாம்."

"அப்ப இந்தம்மா ஒதுங்கி நின்னதுக்கு, நாம நனையோணுமா?" என்று கேட்டார் சாந்தாமணி டீச்சர். கேட்டுவிட்டு எல்லோரும் தன்னைப் பார்ப்பது கண்டு, "இல்லீங், சும்மா வெவரம் கேட்டேன்" என்றார்.

மன்றத் தலைவர் குழந்தைவேல் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தீர்மானமாகப் போட்டு, அதை ஏகமனதாக நிறைவேற்றி, நோட்டில் ஏற்றினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். "நம்ம மன்றத்து உறுப்பினருக்கு ஒரு கஷ்டம்னா அது நம்ம கஷ்டமுங்க" என்று அந்தத் தெருவிலேயே நின்று பேசினார். கைதட்டினார்கள். அன்று சாயங்காலம் மற்ற இருபத்தொரு பேரும் கால்ட்டன் குன்றின் மேல் கைகோத்துப் பூவாத்தாளைச் சுற்றி நின்றார்கள். ஓட்டுநர் சொன்னபடியே கொட்டிக்கொண்டிருந்த மழை பிரிந்து பிரிந்து எல்லோர் தலையிலும் பூத்தூறலாக விழுந்தது. கீழே நகரமும் தூரத்தில் கடலும் தெரிந்தன. அரை மணி நேரம் அவர்கள் எல்லோருமே நல்லவர்களாக இருந்தார்கள். அதையும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அரை மணி நேரம் என்பது நல்லவராக இருப்பதற்குக் கொஞ்சம் அதிகமான நேரம்தான். சாந்தாமணி டீச்சரின் தலைச்சாயம் கரைந்து காதோரம் இறங்கியது. ஒருவருடைய காது மெஷின் நின்றுபோனது. மறுநாள் காலை, வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல மழைக்கும் முறை வைத்தார்கள். மணிக்கு நாலு பேர் பூவாத்தாளை ஒட்டி நடப்பது, மற்றவர்கள் வெயிலில் போவது. மத்தியானத்துக்குள் நாலு மூன்றாகி, மூன்று இரண்டாகி, கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக ஒவ்வொருவரும் நழுவினார்கள். ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவருக்குச் சைனஸ், ஒருவருக்கு ஜோசியர் தண்ணீரில் கண்டம் என்று சொல்லியிருந்தார். நான்கு மணி முறைக்கு வசந்தாமணி ஒருத்திதான் மிஞ்சினாள்.

அவளும் விலகியதற்கு ஒரு கம்பளிக் கோட்டுதான் காரணம். சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கோட்டு. அந்த நீளத் தெருக் கடை ஒன்றில் போட்டுப் பார்த்து, கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்து, யாரையும் கேட்காமல் தனக்கென்று அவள் முப்பத்தைந்து வருடத்தில் வாங்கிய முதல் துணி. நனைந்தால் சுருங்கிவிடும் என்று கடைக்காரி கையால் காட்டிச் சொல்லியிருந்தாள். தெருவில் இறங்கியபோது வசந்தாமணி நங்கையாவை ஒட்டி வராமல் ஓரடி தள்ளி நடந்தாள். பிறகு இரண்டடி.

பூவாத்தாள் அதைக் கவனித்தாள். "நல்லாருக்குது அம்முணி, உனக்கு எடுப்பா இருக்குது. நீ அந்தப் பக்கமாவே வா" என்றாள்.

வசந்தாமணியும் விலகிய பிறகு அந்த நகரத்தில் அடித்த வெயில் இருக்கிறதே, அதைப்போல ஒரு வெயிலை அங்கே பிறந்தவர்களே பார்த்ததில்லை. கருங்கல் சுவர்கள் தேன் நிறமாகின. ஆர்தர் சீட் மலையின் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. அலுவலகங்களை மூடிவிட்டு ஆட்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டு பூங்காவில் படுத்தார்கள். வீட்டுக்கு வீடு போர்வை காயப்போட்டார்கள். மன்றத்தார் நடந்து போனால் எதிரில் வருகிறவர்கள் கைகுலுக்கி நன்றி சொன்னார்கள். தலைவர் அந்த நன்றிகளை மன்றத்தின் சார்பில் ஏற்றுக்கொண்டார். பூவாத்தாளைக் கோட்டைக்குக் கீழே வண்டி நிறுத்துமிடத்தின் கடைக்கோடியில், பேருந்துக்குள் உட்கார வைத்திருந்தார்கள். பேருந்தின் கூரையில் நாள் முழுக்க உரலில் குத்துகிற சத்தம். காப்பிக் கடைக்காரர் ஒருவர் நன்றிக் கடனாகச் சூடான சூப் கொடுத்தனுப்பினார். பேருந்து வரைக்கும் கொண்டு போனவர் நனையப் பயந்து, தூரத்திலேயே தரையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். அவள் இறங்கி வந்து எடுப்பதற்குள் கிண்ணத்தில் சூப்பைவிட மழைத் தண்ணீர்தான் அதிகம் இருந்தது.

அன்று சென்னியப்பன் வீடியோவில் கூப்பிட்டான். வசந்தாமணி ஃபோனை ஒரு கை தூரத்தில் நீட்டி அக்காளைக் காட்டினாள்.

"என்ன அக்கா, இப்பிடி நனைஞ்சிருக்கறே? குளுரலையா?"

"இங்க கொஞ்சம் மழெ சாமி. மத்தபடி ராஜ போகம்தான். கோட்டை பாத்தோம், பாவாடை கட்டுன ஆம்பளைங்களப் பாத்தோம். வசந்தா என்னையக் கண்ணு மாதிரி பாத்துக்கறா."

இதை அவள் குத்தலாகச் சொல்லியிருந்தால் வசந்தாமணி தாங்கியிருப்பாள். மெய்யாகவே சொன்னாள். வசந்தாமணிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

நான்காம் நாள் மலைப்பக்கம் கிளம்பினார்கள். அங்கேதான் தொல்லை முற்றியது. பூவாத்தாள் வண்டிக்குள் இருந்தால் மழை வண்டியின் மேல். கண்ணாடிகளில் தண்ணீர் திரை கட்டியதுபோல இறங்க, உள்ளே மூச்சுக்காற்று புகையாகப் படிய, ஸ்டிர்லிங் ஊர் போனது தெரியவில்லை, ஏரி போனது தெரியவில்லை, வாழ்நாளெல்லாம் காலண்டரில் பார்த்த ஊதா நிற மலைகள் வந்ததும் போனதும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் முன் சீட்டுக்காரரின் வழுக்கைதான். மைலுக்கு ஒரு தடவை நிறுத்தி அவளை இறக்கி, இருநூறு அடி நடக்கவிட்டு, வெயில் அடித்ததும் பார்த்து, படம் எடுத்து, மறுபடி ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் ஓடினாள். அறுபத்து நாலு வயதில், ஊறிப்போன செருப்போடு, மற்றவர்களைக் காக்க வைக்கக்கூடாதே என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப் போனாள், ஓடி வந்தாள். ஏழாவது தடவை வந்து உட்கார்ந்தபோது அவள் பற்கள் தந்தி அடித்தன. வசந்தாமணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது.

"காச்சலுங் நங்கையா."

"இருக்கட்டும். வெளிய சொல்லாதே. பாவம், எல்லாரும் எவ்வளவு ஆசையா வந்திருக்காங்க."

வசந்தாமணி வெளியே சொல்லவில்லை. ஒரு மாத்திரை கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தன் கோட்டின் கையை முகர்ந்து பார்த்தாள், ஈர வாடை அடிக்கிறதா என்று.

அன்று இரண்டு மலைகளுக்கு நடுவில், ஆட்டுப் பண்ணை ஒன்றை ஒட்டிய விடுதியில் தங்கினார்கள். பண்ணைக்காரி மோராக் தலைக்குத் தொப்பி போட்ட பெரிய உடம்புக்காரி. பூவாத்தாளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பழைய எண்ணெய்த் துணிக் கோட்டு ஒன்றைக் கொண்டு வந்து மாட்டிவிட்டாள். இராத்திரிச் சாப்பாட்டு மேசையில் தலைவர் தொண்டையைக் கனைத்தார். பாம்பும் சாகக்கூடாது, தடியும் உடையக்கூடாது என்கிற குரல் அது.

"பூவாத்தா அம்மாளுக்கு ஒடம்புக்குச் சொகமில்லைன்னு நெனைக்கறேன். அவங்களை இப்பிடி அலைக்கழிக்கறது பாவமுங்க. ரண்டு நாள் இங்கயே ஓய்வெடுக்கட்டும். நாம மேக்க போயிட்டு, திரும்பி வாறப்பக் கூட்டிக்கலாம்."

"அவங்க நல்லதுக்குத்தானுங்க," என்றார் சாந்தாமணி டீச்சர். "என்னோட பொறந்தவளா இருந்தாலும் நான் இதைத்தான் சொல்லுவேன்."

பயணத் திட்டம் அச்சடித்த தாள் எல்லோர் கைப்பையிலும் இருந்தது. அதைத் தமிழில்தான் அடித்திருந்தார்கள். போவது இந்த வழி, திரும்புவது கடற்கரை ஓரமாக வேறு வழி, அந்த வழியாகவே எடின்பரோ, அங்கிருந்து விமானம். திரும்பி வருகிறபோது என்று ஒன்று கிடையவே கிடையாது. தலைவருக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும், வசந்தாமணிக்கும் தெரியும். தெரியும் என்று யாரும் காட்டிக்கொள்ளாததால் அந்த மேசையில் ஒருவித அன்னியோன்னியம் பரவியது. எல்லோரும் ஒருவருக்கொருவர் தட்டில் உருளைக்கிழங்கு எடுத்து வைத்தார்கள்.

ஜெரால்டு மட்டும், "மேடம், நீங்கதான அவங்க சொந்தம். நீங்க வேண்டாம்னு சொன்னா நான் விடமாட்டேன்" என்று வசந்தாமணியிடம் மெதுவாகச் சொன்னான். அவள் முழுதாக ஒரு 'வேண்டாம்' மட்டும் சொல்லியிருந்தால் போதும். "காலைல சொல்றனுங்க தம்பி" என்றாள்.

இராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய். நன்றாகத் தூங்கினாள். பூவாத்தாளின் அறை விடுதியின் மறுகோடியில் இருந்தது. வசந்தாமணியின் ஜன்னலில் நட்சத்திரம் தெரிந்தது.

காலையில், வெளியூரானாலும் விடாத மன்றத்தார், விடுதிக்கு முன்னாலிருந்த புல்தரையில் சிரிப்புப் பயிற்சிக்கு வட்டமாக நின்றார்கள். பூவாத்தாளும் அதை விட்டவள் இல்லை. காய்ச்சலோடு எழுந்து வந்து, வட்டத்துக்கு வெகுதூரம் தள்ளி, கல்லடுக்கிக் கட்டிய வேலியோரமாகத் தன் மழைக்குள் நின்றாள். பேச்சு அவளுக்குக் கேட்காது, விசில் மட்டும் கேட்கும். முதல் விசிலுக்குக் கையைத் தூக்க வேண்டும். இரண்டாம் விசிலுக்குச் சிரிக்க வேண்டும். மூன்றாம் விசிலுக்கு நிறுத்த வேண்டும். பதினோரு வருடமாக இருபத்திரண்டு உடம்புகளுக்கும் அது மூளையைக் கேட்காமல் நடக்கிற காரியம்.

தலைவர் முதல் விசிலை ஊதினார். எல்லோர் கையும் மேலே போனது. வசந்தாமணியின் கையும் போனது. போன பிறகுதான், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அவர் நோட்டைப் பார்த்து வாசித்தார்.

"உறுப்பினர் பூவாத்தா அம்மாளின் உடல்நலத்தைக் கருதி, அன்னாரை இவ்விடத்திலேயே தங்கவைத்துச் செல்வதென இம்மன்றம் தீர்மானிக்கிறது. ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

தூக்குவதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை, எல்லாக் கையும் மேலேதான் இருந்தன. வசந்தாமணி அண்ணாந்து தன் கையைப் பார்த்தாள். இறக்கிவிடலாம், இறக்க ஒரு நொடி போதும். இருபது பேர் பார்ப்பார்கள். அவ்வளவுதானே, பார்க்கட்டுமே. வெயில் இதமாக முதுகில் அடித்தது, கோட்டின் கம்பளி சூடேறி உடம்போடு ஒட்டியது. ஒரு மூச்சு விட்டாள். இன்னொரு மூச்சு விட்டாள். கை வலித்தது. அப்படியும் இறக்கவில்லை. வட்டத்துக்கு வெளியே நின்ற ஜெரால்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் தலையைக் குனிந்துகொண்டான்.

தலைவர் ஒவ்வொரு தலையாக எண்ணினார். எண்ணி முடித்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து வேலியோரத்தையும் பார்த்தார். அங்கே, கொட்டுகிற மழைக்குள், பெரிய எண்ணெய்த் துணிக் கோட்டின் தொளதொளத்த கைகளுக்குள்ளிருந்து பூவாத்தாளின் இரண்டு கைகளும் எல்லோரையும்விட உயரமாக மேலே நின்றன.

"அவங்களுஞ் சேத்து, ஏகமனதாக நிறைவேறியதுங்க" என்று எழுதிக்கொண்டு, இரண்டாவது விசிலை ஊதினார்.

எல்லோரும் சிரித்தார்கள். மன்றத்திலேயே நல்ல சிரிப்பு பூவாத்தாளுடையதுதான் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். வயிற்றின் அடியிலிருந்து கிளம்பி வருகிற சிரிப்பு. அன்றைக்கு மழைச் சத்தத்தையும் தாண்டி அது மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

அவளிடம் போய்ச் சொல்கிற வேலை வசந்தாமணிக்கு வந்தது. பாஸ்போர்ட்டையும் மாத்திரைகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, தகரப் பெட்டிக்குப் பதில் இந்தப் பயணத்துக்கென்று வாங்கிக் கொடுத்த நீலப் பெட்டியை இழுத்துக்கொண்டு, புல்லில் நடந்து போனாள். மழையின் விளிம்புக்கு ஓரடி முன்னால் நின்றாள்.

"நங்கையா, உங்களுக்கு மேலுக்குச் சேரலையில்லங்க. அதனால இங்கயே ரண்டு நாள் இருந்துக்கறீங்களா? அந்தப் பண்ணையம்மா பாத்துக்குவாங்க. நாங்க திரும்பி வாறப்ப..." என்றாள்.

பூவாத்தாள் அவளைப் பார்த்தாள். கண்ணிமையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பயணத் தாளை அவளும்தான் எழுத்துக்கூட்டிப் படித்திருந்தாள், ஒரு தடவை அல்ல, ஊர்ப் பேரெல்லாம் மனப்பாடம் ஆகிற அளவுக்கு.

"தம்பிகிட்ட என்ன சொல்லுவே?" என்று கேட்டாள்.

வசந்தாமணி பெட்டியின் கைப்பிடியை மடக்கி உள்ளே தள்ளினாள்.

"எனக்கு இந்த ஊரு புடிச்சுப் போச்சுன்னு சொல்லு. நானேதான் வரமாட்டேன்னுட்டேன்னு சொல்லு. நம்புவான். சின்னப் புள்ளைல இருந்து நான் சொன்னா நம்புவான்." பெட்டியை வாங்கக் கையை நீட்டினாள். நீட்டியதில் மழையும் ஒரு முழம் முன்னால் வந்தது. உடனே கையை இழுத்துக்கொண்டாள். "பொட்டிய அங்கயே வெச்சுட்டு நீ தள்ளி நில்லு அம்முணி. கோட்டு நனையப் போகுது."

வசந்தாமணி தள்ளி நின்றாள்.

பேருந்து கிளம்பியபோது கண்ணாடிகள் பளிச்சென்று இருந்தன. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஏரி, மலை ஏரிக்குள் தலைகீழாக. ஆகா, ஆகா என்று எல்லோரும் ஏரிப் பக்கத்து ஜன்னலுக்குச் சாய்ந்தார்கள். அலிஸ்டர் கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்து ஏதோ சொன்னார். என்னவாம், என்று தலைவர் கேட்டார். பத்தொம்பது வருஷமா இந்த ரோட்டுல ஓட்டுறாராம், கடைசி வரைக்கும் சேந்து நனைஞ்ச கூட்டம் ஒண்ணக்கூடப் பாத்ததில்லையாம் என்றான் ஜெரால்டு. பாத்தீங்களா, எல்லா ஊருலயும் இதானுங்க நடப்பு என்று தலைவர் ஆறுதலாகச் சாய்ந்துகொண்டார்.

வசந்தாமணி மட்டும் மலைப்பக்கத்து ஜன்னலில் இருந்தாள். சாலை ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பி உயரத்துக்கு ஏறியதால், கீழே பண்ணையும் கல்வேலியும் கைக்குள் அடங்குகிற அளவில் தெரிந்தன. பூவாத்தாள் நீலப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் கஷ்டப்படுவதைப் பார்க்க வேண்டும், பார்த்து ஒரு பாட்டம் அழுதுவிட வேண்டும், அழுதால் இதெல்லாம் கழிந்துபோகும் என்றுதான் வசந்தாமணி அந்த ஜன்னலுக்கு வந்தாள். கண்ணில் தண்ணீரும் தயாராக நின்றது.

அப்போது சரிவிலிருந்து ஓர் ஆடு இறங்கி வந்து பூவாத்தாளின் முழங்காலில் முகத்தை வைத்தது. பின்னால் இன்னொன்று. பிறகு பத்து, பிறகு ஐம்பது, மலை முழுக்கச் சிதறிக் கிடந்த வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் உருண்டு உருண்டு வந்து, இருநூறு, முந்நூறு ஆடுகள், யாரும் விசில் ஊதாமல், யாரும் தீர்மானம் போடாமல், இடுக்கு விடாமல் அவளைச் சுற்றி நெருக்கியடித்து ஒட்டி நின்றன. கொட்டிக்கொண்டிருந்த மழை பிரிந்தது, பிரிந்து பிரிந்து அத்தனை முதுகுகள் மேலும் விழுந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்துபோனது. பூவாத்தாள் தலைமுடியை அவிழ்த்துப் பிழிந்தாள். பிறகு இரண்டு பக்கமும் கையைப் போட்டு ஆட்டுக் கழுத்துகளைக் கட்டிக்கொண்டாள். அவள் தங்கள் பேருந்து போகிற திசையைத் திரும்பிப் பார்ப்பாள் என்று வசந்தாமணி வளைவு முடிகிற வரைக்கும் காத்திருந்தாள்.

அவள் பார்க்கவில்லை.

ஈரோட்டுக்குத் திரும்பி, புருஷனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி, அவனும் நம்பி, இரண்டு நாள் அழுது ஓய்ந்து, பிள்ளைகளும் ஃபோனில் அழுது ஓய்ந்து, பூவாத்தாளின் அறையில் நெல் மூட்டை அடுக்கியாகி, வருடங்கள் போய்விட்டன. நங்கையாவை விட்டுவிட்டு வந்ததற்காக வசந்தாமணி தன்னை என்றைக்கோ மன்னித்துக்கொண்டுவிட்டாள். அந்த ஆடுகளுக்காகத்தான் பூவாத்தாளை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.